ஜிடிஏ ஆன்லைன்: 6 நிமிடம் காக்க வைத்த ஒரு விலைப் பட்டியல்!

ஒரு கேமைத் திறந்துவிட்டு, எழுந்துபோய் டீ போட்டுக் குடித்துவிட்டு வந்து பார்த்தாலும் லோடிங் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும்? 'ஜிடிஏ ஆன்லைன்' கேமைக் கணினியில் ஆடிய பலருக்கு இது ஏதோ ஒருநாள் நடந்த சம்பவம் அல்ல. ஒவ்வொரு முறை உள்ளே நுழையும்போதும் இதே கதைதான்.

'நெட் ஸ்லோவா இருக்கும்', 'சர்வர்ல கூட்டம்', 'நம்ம பிசி பழசு' என்று ஆளுக்கொரு காரணம் சொல்லிச் சமாதானம் அடைந்தார்கள். ஆனால் 2021 பிப்ரவரி மாதக் கடைசி நாளில் ஒரு புரோகிராமர் வெளியிட்ட அலசல், உண்மையான காரணத்தைப் போட்டு உடைத்தது. நெட் அல்ல, சர்வர் அல்ல, கிராஃபிக்ஸ் கார்டும் அல்ல. வெறும் 10 எம்பி அளவுள்ள ஒரு டெக்ஸ்ட் ஃபைல்!

வாட்ஸ்அப்பில் வரும் ஒரு குட்டி வீடியோவின் அளவுதான் அது. அதைப் படித்து முடிக்க ஒரு கணினி ஏன் நிமிடக்கணக்கில் திணற வேண்டும்? இதற்கான விடை கேம் ஆடுபவர்களுக்கு மட்டுமல்ல, ஆபீஸில் எக்செல், ஜேசான் ஃபைல்களோடு மல்லுக்கட்டும் எல்லோருக்கும் உதவக்கூடியது.

கேமுக்குள் டெக்ஸ்ட் ஃபைல் எதற்கு?

எந்த கேமை எடுத்தாலும் அதில் இரண்டு பகுதிகள் இருக்கும். ஒன்று, நிரல். கார் எப்படி ஓட வேண்டும், குண்டு பட்டால் என்ன ஆக வேண்டும் என்பதையெல்லாம் சொல்வது இது. இன்னொன்று, தரவு. அந்தக் காரின் விலை என்ன, அதிகபட்ச வேகம் என்ன, எந்தத் துப்பாக்கிக்கு எத்தனை குண்டுகள் என்பதெல்லாம் தரவு.

விலையை நிரலுக்குள்ளேயே எழுதிவிட்டால் என்ன? எழுதலாம். ஆனால் ஒரு காரின் விலையை மாற்ற வேண்டும் என்றால்கூட புரோகிராமரைத் தேடிப் போக வேண்டும். அவர் மாற்றிய பிறகு மொத்த நிரலையும் மறுபடி தொகுக்க வேண்டும். பெரிய கேம்களில் இதற்கே கணிசமான நேரம் பிடிக்கும். 'இந்த எதிரி ரொம்ப சுலபமா சாகிறான், உயிரை 100-லிருந்து 120 ஆக்கிப் பார்ப்போம்' என்று கேம் டிசைனர்கள் ஒரு நாளைக்கு ஐம்பது முறை மாற்றிப் பார்ப்பார்கள். ஒவ்வொரு முறையும் புரோகிராமர் வர வேண்டும் என்றால் வேலை நடக்காது.

அதனால்தான் தரவைத் தனி ஃபைலில் வைக்கிறார்கள். டிசைனர் அந்த ஃபைலைத் திறந்து, எண்ணை மாற்றி, சேமித்துவிட்டு, கேமை ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிப்பட்ட ஃபைல்களுக்குச் சில வடிவங்கள் உண்டு. கமா போட்டுப் பிரிக்கும் சிஎஸ்வி, பழைய விண்டோஸ் காலத்திலிருந்து வரும் ஐஎன்ஐ, 1998-ல் தரநிலையாக அறிவிக்கப்பட்ட எக்ஸ்எம்எல், 2000-களில் டக்ளஸ் க்ராக்ஃபோர்ட் பிரபலப்படுத்திய ஜேசான் ஆகியவை அவற்றில் முக்கியமானவை. இன்று உங்கள் ஃபோனில் இருக்கும் ஆப்கள் சர்வரோடு பேசிக்கொள்வதும் பெரும்பாலும் ஜேசான் வடிவில்தான்.

ஜேசான் ஃபைலைத் திறந்து பார்த்தால் மிரள ஒன்றும் இல்லை. 'பெயர்: சிவப்பு ஹெல்மெட், விலை: 45000, வகை: உடை' என்பதுபோல் ஜோடி ஜோடியாக இருக்கும். ஒவ்வொரு பொருளும் ஒரு நெளிவு அடைப்புக்குறிக்குள் அடங்கும். அவ்வளவுதான்.

பார்சிங் என்றால் என்ன?

மனிதக் கண்ணுக்கு '45000' என்பது ஒரு விலை. கணினிக்கு அப்படி இல்லை. நான்கு, ஐந்து, பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம் என்று வரிசையாக நிற்கும் 5 குறியீடுகள் மட்டுமே. அவற்றை ஒன்று சேர்த்து 'இது நாற்பத்தைந்தாயிரம் என்ற எண்' என்று புரிந்துகொண்டால்தான் கேம் உங்கள் பணத்திலிருந்து அதைக் கழிக்க முடியும்.

பள்ளியில் செய்யுளைப் பதம் பிரித்துப் படித்தது நினைவிருக்கிறதா? சேர்ந்து நிற்கும் எழுத்துகளைச் சொல் சொல்லாகப் பிரித்து, பிறகு எந்தச் சொல் எதோடு சேர்கிறது என்று பார்த்துப் பொருள் கொள்வோம். கணினி ஃபைலைப் படிப்பதும் கிட்டத்தட்ட இதேதான். முதலில் எழுத்து வரிசையைத் துண்டு துண்டாகப் பிரிக்கும். பிறகு, எந்தத் துண்டு பெயர், எது மதிப்பு, எந்தப் பொருளுக்குள் எது அடங்கும் என்று அமைப்பை உருவாக்கும். இந்த வேலைக்குப் பெயர்தான் பார்சிங். இதைச் செய்யும் நிரல் பார்சர்.

புரோகிராமர்களிடையே இதற்கு அவ்வளவு மவுசு கிடையாது. எதிரியின் மூளையை வடிவமைப்பதும், மழையில் நனைந்த சாலையில் விளக்கொளி பிரதிபலிப்பதும்தான் பேசப்படும் வேலைகள். ஃபைலைப் படிக்கும் நிரலை யாரோ ஒருவர் ஒருமுறை எழுதுவார். ஓடினால் சரி என்று விட்டுவிடுவார்கள். சிக்கல் தொடங்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

துப்பறிந்தவர் எப்படிப் பிடித்தார்?

ஜிடிஏ ஆன்லைன் முதலில் 2013 அக்டோபரில் வெளிவந்தது. கணினிப் பதிப்பு 2015 ஏப்ரலில் வந்தது. 'டோஸ்ட்' என்ற புனைபெயரில் எழுதும் புரோகிராமர், சில ஆண்டுகள் கழித்து இந்த கேமை மறுபடி திறந்தபோது லோடிங் இன்னும் அதே வேகத்தில்தான் இருந்தது. அவருடைய கணினியில் தனியாக ஆடும் கதைப் பகுதி திறக்கச் சுமார் 1 நிமிடம் 10 விநாடிகள் ஆயின. ஆன்லைன் பகுதிக்கோ முழுதாக 6 நிமிடங்கள்!

அவர் ராக்ஸ்டார் நிறுவனத்தில் வேலை செய்பவர் அல்ல. கேமின் மூல நிரல் அவர் கையில் இல்லை. அவரிடம் இருந்ததெல்லாம் விண்டோஸில் எல்லோருக்கும் இருக்கும் டாஸ்க் மேனேஜரும், சில இலவசக் கருவிகளும்தான்.

முதலில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தார். லோடிங் நடக்கும்போது இன்டர்நெட் வழியாகத் தரவு வருகிறதா? கிட்டத்தட்ட இல்லை. டிஸ்க்கிலிருந்து ஏதாவது படிக்கிறதா? இல்லை. கிராஃபிக்ஸ் கார்டு உழைக்கிறதா? அதுவும் சும்மாதான் இருக்கிறது. ஆனால் பிராசஸரின் ஒரே ஒரு கோர் மட்டும் சுமார் 4 நிமிடங்களுக்கு மூச்சு முட்ட ஓடிக்கொண்டிருந்தது. மற்ற கோர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தன.

அதாவது கேம் எதற்காகவும் காத்திருக்கவில்லை. எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. எதை?

இதைக் கண்டுபிடிக்க புரோஃபைலர் என்ற கருவியைப் பயன்படுத்தினார். ஓடிக்கொண்டிருக்கும் நிரலைக் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்து, 'இப்போ எந்த வேலையில இருக்கே?' என்று கேட்டுக் குறித்துக்கொள்ளும் கருவி அது. நூறு முறை எட்டிப் பார்க்கும்போது ஐம்பது முறை ஒரே இடத்தில் நின்றால், நேரத்தில் பாதி அங்கேதான் போகிறது என்று அர்த்தம்.

பதிவுகளைத் திரட்டிப் பார்த்ததில் இரண்டே இரண்டு இடங்கள் மொத்த நேரத்தையும் விழுங்குவது தெரிந்தது. இரண்டும் ஒரே ஃபைலைச் சுற்றியவை. கேமுக்குள் வாங்கக்கூடிய பொருட்களின் பட்டியல் அது. அளவு 10 எம்பி. அதில் சுமார் 63,000 பதிவுகள். வடிவம், ஜேசான்.

முதல் கோளாறு: ஒவ்வொரு பெட்டிக்கும் ரயில் முழுக்க நடை

சி மொழியில் ஓர் எழுத்து வரிசையின் நீளம் எங்கேயும் எழுதிவைக்கப்படுவதில்லை. வரிசையின் கடைசியில் 'பூஜ்யம்' என்ற ஒரு முடிவுக் குறி மட்டும் இருக்கும். நீளம் தெரிய வேண்டுமானால் முதல் எழுத்திலிருந்து முடிவுக் குறி வரும் வரை எண்ணிக்கொண்டே போக வேண்டும்.

நம் ஊர் ரயில்களில் கடைசிப் பெட்டியின் பின்னால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டிருப்பார்கள். அதுதான் ரயிலின் முடிவு. எத்தனை பெட்டிகள் என்று எழுதிவைக்காத ஒரு ரயிலில், அந்தக் குறி கண்ணில் படும் வரை நடந்துபோய் எண்ணினால்தான் பெட்டிகளின் எண்ணிக்கை தெரியும்.

ஜிடிஏ-வின் பார்சர், ஃபைலில் இருந்து ஒவ்வொரு துண்டையும் பிரித்தெடுக்க சி மொழியின் 'எஸ்ஸ்கேன்எஃப்' என்ற தயார்நிலைச் செயற்பாட்டைப் பயன்படுத்தியது. மிகப் பழைய, எல்லோரும் பயன்படுத்தும் செயற்பாடுதான். ஆனால் பெரும்பாலான கணினிகளில் அது வேலையைத் தொடங்கும் முன், கையில் கொடுத்த எழுத்து வரிசை மொத்தம் எவ்வளவு நீளம் என்று ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொள்ளும்.

கையில் கொடுத்தது '45000' போன்ற சின்ன வரிசை என்றால் பிரச்சினையே இல்லை. இங்கே கொடுத்ததோ 10 எம்பி ஃபைலின் மிச்சம் முழுவதும்! எண் என்னவோ 5 எழுத்துதான். அதைப் படிப்பதற்கு முன் லட்சக்கணக்கான எழுத்துகளைக் கடைசி வரை எண்ணிவிட்டு வரும். அடுத்த துண்டுக்கு மறுபடி முதலிலிருந்து அதே நடை. ஒவ்வொரு பெட்டியில் டிக்கெட் பரிசோதிக்கும் முன்பும் ரயிலின் கடைசி வரை நடந்துபோய், பெருக்கல் குறியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வரும் பரிசோதகரை நினைத்துப் பாருங்கள்.

கணக்குப் போட்டால் இன்னும் தெளிவாகும். ஒரு பதிவுக்கு ஒரே ஒரு முறைதான் இந்த நடை என்று வைத்துக்கொள்வோம். சராசரியாக ஃபைலில் பாதி, அதாவது 50 லட்சம் எழுத்துகள் ஒவ்வொரு முறையும் எண்ணப்படும். 63,000 பதிவுகளுக்கு 31,500 கோடி எழுத்துகள்! உண்மையில் ஒரு பதிவுக்குள்ளேயே பல துண்டுகள் இருக்கும் என்பதால் வேலை இதைவிடவும் அதிகம். படிக்க வேண்டியதோ வெறும் 1 கோடி எழுத்துதான்.

இரண்டாவது கோளாறு: மொய் நோட்டை முதலிலிருந்து புரட்டுவது

படித்த பதிவை எங்காவது சேமிக்க வேண்டும் அல்லவா? அங்கே இரண்டாவது சிக்கல் காத்திருந்தது.

கல்யாண வீட்டில் மொய் எழுதுபவரை எடுத்துக்கொள்வோம். ஒரே பெயர் இரண்டு முறை வந்துவிடக் கூடாது என்பதற்காக, புதிதாக ஒருவர் வரும்போதெல்லாம் நோட்டின் முதல் பக்கத்திலிருந்து எல்லாப் பெயர்களையும் பார்த்துவிட்டு எழுதுகிறார் என்று வையுங்கள். பத்து பேர் வந்தால் பரவாயில்லை. ஆயிரம் பேர் வந்தால்? ஆயிரமாவது ஆளுக்கு 999 பெயர்களைப் பார்க்க வேண்டும். வரிசை தெருவைத் தாண்டிப் போய்விடும்.

ஜிடிஏ-வில் நடந்தது இதுதான். ஒவ்வொரு புதிய பொருளும் வரும்போது, அது ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறதா என்று முதலிலிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டது நிரல். 63,000 பொருட்களுக்கு இப்படிச் செய்தால் மொத்த ஒப்பீடுகள் 198 கோடிக்கும் மேல்.

இதைத் தவிர்க்க வழி இல்லாமல் இல்லை. ஒவ்வொரு பொருளுக்கும் தனித்த அடையாள எண் ஏற்கெனவே இருந்தது. மொய் நோட்டிலேயே 'அ', 'ஆ', 'இ' என்று எழுத்துவாரியாகப் பக்கங்களைப் பிரித்துவிட்டால் நேராக அந்தப் பக்கத்தை மட்டும் பார்த்தால் போதும். கணினி உலகில் இதற்கு 'ஹேஷ் மேப்' என்று பெயர். கல்லூரியில் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பாடத்தில் எல்லோரும் படிப்பதுதான்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்தப் பட்டியலில் எந்தப் பொருளும் இரண்டு முறை வரவே இல்லை. அத்தனை ஒப்பீடுகளும் 'இல்லை' என்ற ஒரே பதிலைத்தான் தந்தன.

திருத்தம் எவ்வளவு பெரியது?

டோஸ்ட் செய்த திருத்தங்கள் மிகச் சிறியவை. முதல் கோளாறுக்கு, எழுத்து வரிசையின் நீளத்தை ஒருமுறை எண்ணிய பிறகு அதை நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை கேட்கும்போது எண்ணாமலே பதில் சொல்ல வைத்தார். இரண்டாவது கோளாறுக்கு, பொருட்கள் எல்லாம் தனித்தனி என்பதால் அந்த ஒப்பீட்டையே தாண்டிச் செல்ல வைத்தார்.

ஒப்பீட்டை மட்டும் சரிசெய்தபோது லோடிங் நேரம் 4 நிமிடம் 30 விநாடிகள் ஆனது. பார்சரை மட்டும் சரிசெய்தபோது 2 நிமிடம் 50 விநாடிகள். இரண்டையும் சேர்த்துச் சரிசெய்தபோது 1 நிமிடம் 50 விநாடிகள். கிட்டத்தட்ட 70 சதவீத நேரம் மிச்சம்!

அவருடைய கணினியில் மிச்சமானது 4 நிமிடம் 10 விநாடிகள். தினமும் ஒருமுறை கேமைத் திறக்கும் ஒருவருக்கு ஓராண்டுக்கு 25 மணி நேரம். அதாவது லோடிங் திரையை வெறித்துப் பார்ப்பதில் மட்டும் ஒரு முழு நாளுக்கு மேல் போயிருக்கிறது.

ராக்ஸ்டார் நிறுவனம் அவர் சொன்னதை ஆராய்ந்து, சரிதான் என்று ஒப்புக்கொண்டது. 2021 மார்ச் மாத நடுவில் வந்த அப்டேட்டில் திருத்தம் சேர்க்கப்பட்டது. பாதுகாப்புக் குறைபாடுகளைக் கண்டுபிடிப்பவர்களுக்காக வைத்திருக்கும் பரிசுத் திட்டத்தில் இருந்து, விதிவிலக்காக அவருக்கு 10,000 டாலர் வழங்கியது.

இவ்வளவு நாள் ஏன் தெரியவில்லை?

'இவ்வளவு பெரிய கம்பெனி, இதுகூடவா தெரியாது?' என்று கேட்பது சுலபம். ஆனால் இந்த வகைக் கோளாறின் குணமே ஒளிந்துகொள்வதுதான்.

பட்டியலில் 1,000 பொருட்கள் மட்டும் இருந்தால் இரண்டாவது கோளாறுக்குத் தேவைப்படும் ஒப்பீடுகள் சுமார் 5 லட்சம். இன்றைய கணினிக்கு இது கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை. பொருட்கள் 63 மடங்கு பெருகி 63,000 ஆனால் ஒப்பீடுகள் 63 மடங்கு பெருகுவதில்லை. ஏறக்குறைய 4,000 மடங்கு பெருகுகின்றன. தரவு இரண்டு மடங்கானால் வேலை நான்கு மடங்கு; தரவு பத்து மடங்கானால் வேலை நூறு மடங்கு. தரவின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும் கணக்கு இது.

அதனால் டெவலப்பர் தன் மேசையில் சின்னப் பட்டியலை வைத்துச் சோதிக்கும்போது எதுவுமே தெரியாது. ஒவ்வோர் அப்டேட்டிலும் புதிய கார், புதிய உடை, புதிய பெயின்ட் என்று சேரும்போது லோடிங் கொஞ்சம் கொஞ்சமாக நீளும். ஒரே நாளில் 6 நிமிடம் ஆனால் எல்லோரும் அலறுவார்கள். சிறிது சிறிதாக நீண்டால் 'இந்த கேம் இப்படித்தான்' என்று பழகிவிடுவார்கள்.

இன்னொன்று, குற்றவாளியைப் பார்த்தால் குற்றவாளி மாதிரியே தெரியாது. 'எஸ்ஸ்கேன்எஃப்' உள்ளுக்குள் நீளத்தை எண்ணும் என்பது தனக்கே தெரியாது என்று டோஸ்ட் எழுதியிருந்தார். அவருடைய அலசல் வந்த சில நாட்களில், முப்பரிமாண வடிவங்களைத் திறக்கும் மென்பொருள் ஒன்றை எழுதிய வேறொரு புரோகிராமர் தன் நிரலைச் சோதித்தார். அங்கேயும் அச்சு அசலாக இதே கோளாறு! 'ஐயோ பாவம் ஜிடிஏ' என்று சிரித்தவர்கள் பலர் தங்கள் நிரலை ஒருமுறை திறந்து பார்க்க வேண்டியதாயிற்று.

வேகம் மட்டும் போதுமா?

ஃபைலைத் தாமதமாகப் படிப்பது ஒரு வகைச் சிக்கல். தவறாகப் படித்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் இருந்துவிடுவது அதைவிட மோசம்.

2013 பிப்ரவரியில் 'ஏலியன்ஸ்: கொலோனியல் மரீன்ஸ்' என்ற கேம் வெளிவந்தது. அதில் வரும் வேற்றுக்கிரகவாசிகள் பயமுறுத்துவதற்குப் பதிலாக, நேராக ஓடிவந்து குண்டடி பட்டு விழுவதாகக் கடும் கேலிக்கு ஆளானார்கள். சில ஆண்டுகள் கழித்து, கேமைத் திருத்தி அமைப்பதில் ஆர்வமுள்ள ஒருவர் அதன் ஐஎன்ஐ ஃபைலில் ஓர் எழுத்துப்பிழையைக் கவனித்தார். கட்டிப்போடும் கயிற்றைக் குறிக்கும் 'டெதர்' என்ற ஆங்கிலச் சொல்லில் 'ஏ' என்ற எழுத்து ஒன்று கூடுதலாக இருந்தது.

வேற்றுக்கிரகவாசி எந்த இடத்தைச் சார்ந்து நின்று, எப்படிப் பதுங்கித் தாக்க வேண்டும் என்பதோடு தொடர்புடைய வரி அது. அந்தப் பெயரில் நிரலுக்குள் எதுவும் இல்லாததால் அந்த வரி பலன் இல்லாமல் போனது. 'இப்படி ஒரு பெயரே இல்லையே' என்று உரக்கச் சொல்லி நிறுத்தும் ஏற்பாடு இருந்திருந்தால் அன்றே பிடிபட்டிருக்கும். அது வாயைத் திறக்காமல் அடுத்த வரிக்குப் போய்விட்டது. நோட்பேடில் அந்த ஓர் எழுத்தை நீக்கிய பிறகு எதிரிகள் கவனிக்கத்தக்க அளவு புத்திசாலித்தனமாக நடந்துகொண்டதை 2018-ல் பலரும் சோதித்துப் பார்த்தார்கள். கேமின் எல்லாக் குறைக்கும் அந்த ஓர் எழுத்துதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பல ஆண்டுகள் அது யார் கண்ணிலும் படவில்லை என்பதுதான் பாடம்.

இன்னும் நுட்பமான ஒன்றும் உண்டு. நமக்கு 0.5 என்றால் அரை. ஜெர்மனியில் அரையை '0,5' என்று கமா போட்டு எழுதுவார்கள்; புள்ளியை ஆயிரங்களைப் பிரிக்கப் பயன்படுத்துவார்கள். பல கேம்கள் எழுதப்படும் சி-ஷார்ப் மொழியில், எந்த நாட்டு வழக்கம் என்று குறிப்பிடாமல் '0.5'-ஐ எண்ணாக மாற்றச் சொன்னால், ஜெர்மன் அமைப்பில் உள்ள கணினி அதை 5 என்று எடுத்துக்கொள்ளும்! சென்னையில் உட்கார்ந்து எழுதி, சென்னையிலேயே சோதிக்கும் குழுவுக்கு இது தெரியவே வராது. பெர்லினில் விளையாடுபவருக்கு மட்டும் கார் பத்து மடங்கு வேகத்தில் பறக்கும்.

என்ன செய்யலாம்?

வழிகள் புதியவை அல்ல. 1993-ல் வந்த 'டூம்' கேமின் 'வாட்' ஃபைலையே எடுத்துக்கொள்ளலாம். அந்த ஃபைலின் முதல் 12 பைட்டுகளிலேயே உள்ளே எத்தனை துண்டுகள் இருக்கின்றன, அவற்றின் அட்டவணை எங்கே இருக்கிறது என்று எழுதியிருக்கும். அட்டவணையில் ஒவ்வொரு துண்டின் இடம், அளவு, பெயர் மூன்றும் இருக்கும். எத்தனை பெட்டிகள் என்று முன்னாலேயே எழுதி ஒட்டிய ரயில் அது. கடைசி வரை நடக்கத் தேவையே இல்லை. இந்தத் தெளிவான அமைப்பு, ரசிகர்கள் தாங்களாகவே புதிய கட்டங்களை உருவாக்கிச் சேர்க்கவும் உதவியது.

இன்றும் பல கேம் குழுக்கள் இரண்டையும் கலந்து பயன்படுத்துகின்றன. உருவாக்கும்போது மனிதர்கள் திருத்த வசதியாக ஜேசான் போன்ற டெக்ஸ்ட் வடிவம். வெளியிடும்போது அதையே கணினி சட்டென்று படிக்கும் பைனரி வடிவமாக மாற்றிக்கொள்கிறார்கள். பதம் பிரிக்கும் வேலை ஒவ்வொரு வீரரின் கணினியிலும் தினமும் நடக்காமல், நிறுவனத்தில் ஒரே ஒருமுறை நடந்து முடிந்துவிடும்.

கேம் துறையில் இல்லாதவர்களுக்கும் இதில் எடுத்துக்கொள்ள நான்கு விஷயங்கள் உண்டு.

1. பார்சரைச் சொந்தமாக எழுதாதீர்கள். ஜேசான், எக்ஸ்எம்எல் போன்றவற்றுக்குப் பலர் சோதித்துத் தேர்ந்த இலவச லைப்ரரிகள் இருக்கின்றன. சொந்தமாக எழுதியே ஆக வேண்டும் என்றால், அதற்கென்று தனியாகச் சோதனைகளும் எழுதுங்கள்.

2. இன்றைய தரவோடு மட்டும் சோதிக்காதீர்கள். அதைப் பத்து மடங்காக்கி ஓட்டிப் பாருங்கள். நேரமும் பத்து மடங்கு ஆனால் கவலையில்லை. நூறு மடங்கு ஆனால் எங்கோ யாரோ மொய் நோட்டை முதலிலிருந்து புரட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

3. தெரியாத பெயர், விடுபட்ட மதிப்பு, பொருந்தாத எண் எது வந்தாலும் பார்சர் சத்தம் போட வேண்டும். அதுவும் வாடிக்கையாளரின் கையில் அல்ல, உங்கள் மேசையிலேயே.

4. ஸ்லோவாக இருந்தால் ஊகிக்காதீர்கள், அளந்து பாருங்கள். 'நெட்தான் காரணம்' என்று நினைத்திருந்தால் டோஸ்ட்டும் மற்றவர்களைப் போல டீ குடிக்கத்தான் போயிருப்பார். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்த அந்த முதல் நிமிடத்தில்தான் பாதி விடை கிடைத்தது.

அவர் தன் அலசலில், இந்தச் சிக்கல்களைச் சரிசெய்ய ஒரு டெவலப்பருக்கு ஒரு நாளுக்கு மேல் ஆகாது என்றும் சொல்லியிருந்தார். கணினிப் பதிப்பு வெளிவந்து ஏறக்குறைய 6 ஆண்டுகள் அந்த ஒரு நாள் வேலை செய்யப்படாமலே கிடந்தது. அது கடினமான வேலை என்பதால் அல்ல. 'இந்த ஃபைலைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகுது?' என்று உட்கார்ந்து யாரும் அளந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.